கடைசி இடத்துக்கு என் ஓட்டு

அக்டோபர் 6, திங்கள்

மாலை கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் புது முகங்கள். கோடையில் வேறு கல்லூரிகளிலிருந்து வாரிக்கொண்டு வந்தவர்கள். ஒருவன் பெயர் ஒருவனுக்குத் தெரியாமல் 'ஏய்' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பந்து கைக்கு வந்தால் தலை குனிந்துவிடுகிறது. பக்கத்தில் தடுக்க ஆளில்லாமல் நிற்பவன் கையைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போகிறான். ஏழடி உயர டேவியன் கூடைக்கு அடியில் விளம்பரப் பலகையைப் போல நிற்கிறான். இந்தக் கூத்துக்குப் பயிற்சியாளர் க்ரட்சிங்கர் வைத்திருக்கும் பெயர் 'வேகம்'.

ஒருவேளை எனக்கு வயதாகிவிட்டதோ? புதிய ஆட்டம் எதுவுமே பிடிக்காத கிழவனாகிவிட்டேனோ? குறிப்புகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இல்லை. மோசமாகத்தான் ஆடுகிறார்கள்.

அக்டோபர் 8

லீக்கிலிருந்து ஓட்டுக் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பத்து அணிகளில் எது எந்த இடத்தில் முடிக்கும் என்று ஒவ்வோர் ஊர்ப் பத்திரிகைக்காரனும் முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டும். லத்தீன் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த ஊருக்கு நான்தான் அந்தப் பத்திரிகைக்காரன். வருடாவருடம் நம் அணிக்கு மூன்றாம் இடம் கொடுப்பேன். மூன்று என்றால் யாருக்கும் கோபம் வராது. யாரும் நம்பவும் மாட்டார்கள்.

அக்டோபர் 9

பத்து என்று எழுதினேன். அழித்தேன்.

அக்டோபர் 11, சனி

சர்ச் கூடத்தில் ஆதரவாளர்களின் காலை விருந்து. க்ரட்சிங்கர் அரை மணி நேரம் பேசினார். பசி, குடும்பம், நெருப்பு — இந்த மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி அடுக்கினார். ஊர்ப் பெரியவர்கள் வாயில் பான்கேக்கோடு கைதட்டினார்கள்.

காபி வரிசையில் என் தோளில் கையைப் போட்டார். "என்ன புரொஃபசர், இந்த வருஷமும் நமக்கு மூணுதானே?"

வரிசையே சிரித்தது. ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. நானும் சிரித்தேன். சே.

அக்டோபர் 12

அனுப்பிவிட்டேன். பத்தாம் இடம். ஏன் என்று காரணங்களோடு ஒரு கட்டுரையும். டேவியனைப் பற்றி ஒரு பத்தி முழுக்க. இனித் திருப்பி வாங்க முடியாது. பரவாயில்லை.

அக்டோபர் 16

கட்டுரை வந்துவிட்டது. நம்மைக் கடைசியில் தள்ளியது என் ஓட்டு ஒன்றுதான். மற்ற ஊர்க்காரர்கள் மரியாதைக்கு ஆறு, ஏழு என்று போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க வெளியே போகவில்லை.

அக்டோபர் 20

முடி வெட்டப் போனேன். கடைக்காரர் மெர்ல் திட்டுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நல்லா கொளுத்திப் போட்டீங்க. கோச்சும் நீங்களும் பேசி வெச்சுத்தானே செஞ்சீங்க?"

விஷயம் இதுதான். க்ரட்சிங்கர் என் கட்டுரையைப் பெரிதாக அச்சடித்து உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். பையன்கள் வெளியே வரும்போது அதன்மேல் ஆளுக்கொரு அறை அறைந்துவிட்டுத்தான் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். எல்லாப் பயிற்சியாளர்களும் செய்கிற வித்தைதான். கரித்துக் கொட்டிய ஒரு காகிதம் கிடைத்தால் போதும் இவர்களுக்கு, வியூகம் எதுவும் வேண்டாம்.

வழியில் அவரே வண்டியை நிறுத்தினார். "உங்க புண்ணியத்துல பசங்க பேய் மாதிரி ஓடுறாங்க, புரொஃபசர்."

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக உண்மையை எழுதினேன். ஊர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வசதியான இடம்தான். ஒளிந்துகொள்ளப் போகிறேனா?

அக்டோபர் 25

மளிகைக் கடையில் டேவியன். வேறு பக்கம் திரும்புவதற்குள் பார்த்துவிட்டான். மேல் தட்டிலிருந்து எனக்கு ஓட்ஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தான்.

"சார், அது நிஜமாவே நெனச்சு எழுதினதா? இல்ல, கோச் சொல்ற மாதிரி எங்களை உசுப்பேத்தவா?"

டப்பாவைக் கூடையில் போட்டேன். "நிஜமா நெனச்சதுதான்" என்றேன்.

யோசித்தான். "எங்கம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. மரம் மாதிரி நிக்கிறேனாம்."

கோபமே இல்லை. அந்த அணியில் படிக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான் போலிருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

முதல் ஆட்டம். சுலபமாக ஜெயித்து ஆரம்பிக்கலாம் என்று க்ரட்சிங்கரே தேடிப் பிடித்து அழைத்த சின்னக் கல்லூரி. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். நான் எழுதியதை ஒப்பிப்பதுபோல ஆடினார்கள். டேவியன் மட்டும் இரண்டு தடவை நகர்ந்தான். யாரும் அவனுக்குப் பந்து போடவில்லை.

நவம்பர் 4

கதவிலிருந்து காகிதத்தைக் கிழித்துவிட்டார்களாம்.

ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியை லோர்னா, என் பழைய மாணவி, உடனே தொலைபேசியில் வந்தாள். கோச் கூப்பிட்டாராம். போன தடவை உசுப்பேற்றியது போதும், இனி ஆதரவாக எழுதச் சொல்கிறாராம். "இளம் அணி, போகப் போகச் சரியாகும்னு ஒரு வரி சேர்த்துடவா சார்? நீங்க வழக்கமா போடுறதுதானே."

உசுப்பேத்தினேனாம்! எவன்டா உசுப்பேத்தினான்? பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

அவளிடம் அப்படியெல்லாம் கத்தவில்லை. "வேண்டாம்மா. இருக்கிறபடியே போடு. இல்லேன்னா போடாதே" என்றேன். அவ்வளவு சொல்வதற்கே வியர்த்துவிட்டது.

நவம்பர் 5

போட்டுவிட்டாள். மெர்ல் கடையைத் தாண்டிப் போனேன். கண்ணடிக்கவில்லை. புரிந்துவிட்டது போல.

நவம்பர் 8, சனி

இரண்டாவது ஆட்டம். மைதானத்தை ஒட்டிய பத்திரிகை மேசையில் என் நாற்காலி இல்லை. இடப் பற்றாக்குறை என்றார்கள். மேசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பார்வையாளர் பக்கம் மேலே கடைசிப் படிக்கட்டில், பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் இடம் கொடுத்திருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். காதருகே ட்ரம்பெட்.

ஆனால் அங்கிருந்து மைதானம் முழுவதும் தெரிகிறது. காலி இடத்துக்கு ஒருவனும் ஓடாதது கீழே இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிகிறது.