ஆறாவது கதிரை

செவன் கிங்ஸ், லண்டன்
மே 2021, கடைசி ஞாயிறு

அன்பு மகள் பெனிற்றாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் மாதாவின் தயவில் சுகம். நீயும் மருமகன் ஜெராட்டும் மெல்பேர்னில் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் இங்கே எங்களுக்குக் காலைத் தேத்தண்ணி இறங்குகிறது. எங்கள் இருவருக்கும் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. எனக்குக் கை ஒரு நாள் நொந்தது, அதை நான் நாலு நாளாக இழுத்து அம்மாவிடம் மிளகு ரசம் வைப்பித்துக் குடித்தேன். சூப்பர்மார்க்கெட் டெலிவரி வேலை முன்னைப்போலத்தான், சனங்கள் இப்போது கக்கூஸ் கடுதாசிக்கு அடிபடுவதில்லை என்பது மட்டும் வித்தியாசம். உன் அறை யன்னலில் வெயில் நல்லது என்று அம்மா அங்கே தக்காளிக் கன்று வைத்திருக்கிறார், நீ வரும்போது தக்காளிக்கு நடுவில்தான் படுக்கவேண்டும். உங்கள் நாட்டுக் கதவை எப்போது திறப்பார்கள் என்று தினமும் என்னைக் கேட்கிறார், அந்தப் பூட்டின் திறப்பு என் காற்சட்டைப் பையில் இருப்பதுபோல.

போன ஞாயிறு போனில் நீ ஒன்று கேட்டாய். நாங்கள் காம்பர் வானில் போய்க் கடற்கரையில் தங்கியதைப் பற்றிக் கனகம் மாமியிடம் சொன்னாயாம், மாமி உடனே கதையை மாற்றிவிட்டாராம், உங்களுக்குள் என்ன அப்பா என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் ஒரு பிழையும் இல்லை மகள், பிழை எல்லாம் இந்த முனையில்தான் இருந்தது. போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம். அந்த வான் என் தனி வான் இல்லை என்று உனக்குத் தெரியும், பாதி மாமியின் மனிசன் குலம் மாமாவினுடையது. அவர் பஸ் ஓட்டுகிறவர், நான் டெலிவரி வான் ஓட்டுகிறவன், வேலை முடிந்து ஆறுதலாக இருக்கலாம் என்று நினைக்காமல் ஓய்வுக்கும் ஓட்டவே ஆசைப்பட்டோம் என்றால் எங்கள் இரண்டு பேரின் மூளையையும் நீயே அளந்துகொள். கட்டில், அடுப்பு, சின்னக் கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள் உள்ள பழைய வெள்ளை வான். முன்பக்கம் அவர் பிள்ளையாரை ஒட்டினார், கண்ணாடியில் நான் செபமாலையைக் கொழுவினேன். “இனி எங்கையேன் இடிபட்டால் ஆர் பொறுப்பெண்டு அவையள் ரெண்டு பேரும் கதைச்சு முடிக்கட்டும் ராஜாண்ணை” என்று சொல்லிச் சிரித்தார். போன வருஷம் ஈஸ்டருக்கு நாங்கள் நாலு பேரும் போவதென்று இடம் பதிந்து வைத்திருந்தோம். மார்ச்சில் நாடு முழுக்கப் பூட்டினார்கள், காம்ப்சைட்டும் பூட்டு. குலம் மாமா பஸ் ஓட்டுவதை விடவில்லை. ஏப்ரல் பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் விடவில்லை, நான் அந்த வானுக்குள் இருந்து போனில் பார்த்தேன், அதிலும் இடையில் படம் நின்று நின்று வந்தது. அன்று பின்னேரம் மாமி போன் எடுத்து, “அண்ணை, உங்களை உள்ளுக்கு விடேலாமல் போச்சுது. ஆண்டுத்திவசத்துக்கு எத்தினை பேரை விட்டாலும் அதில நீங்கள் ஒராள்” என்றார். நான் ஓம் என்றேன்.

இந்த வருஷம் ஏப்ரல் பதினேழு சனிக்கிழமை. அந்தக் கிழமை எங்கள் மாதா கோயிலில் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன், குலசேகரம் என்ற மாமாவின் முழுப்பெயரை வெள்ளைக்காரச் சுவாமி மூன்று துண்டாக உடைத்துத்தான் வாசித்து முடித்தார். மாமா இருந்திருந்தால், உங்கட மோட்சத்துக்கு என்னைத் துண்டு துண்டாத்தான் எடுப்பினமோ என்று கேட்டிருப்பார். மாமியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இப்படிக் காரியத்துக்கு யார் வெற்றிலை வைத்து அழைக்கிறார்கள், ஒருமுறை சொன்னது போதாதா என்று நினைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, அப்டன் பார்க் கடையில் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் கேற்றில் நின்றேன். மணி அடித்தேன், ஒருவரும் இல்லை. காரும் இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் மட்டும் என்னை விசாரித்தது. மாமியின் மகன் யனுஷன் ஹரோவில் இருக்கிறான் அல்லவா, அங்கே வைத்துச் செய்கிறார்கள், வெளியில் ஆறு பேர்தான் கூடலாம் என்ற சட்டத்தில் என்னை வெட்டிவிட்டார்கள் என்று அந்த இடத்திலேயே வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன். வாழைப்பழத்தை வழி நெடுகத் தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா, “ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன், கேட்டால் வாய் தேய்ஞ்சு போமோ?” என்றார். “கூப்பிடாத இடத்தை நான் ஏன் கேக்கவேணும்? நான் என்ன சோத்துக்கே அலையிறன்?” என்றேன். அதைச் சொல்லும்போது வாயில் கடைசி வாழைப்பழம் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் எல்லாம் நடந்தது. காம்ப்சைட்டுகள் மெல்ல மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்தன, நான் விசாரித்த இடத்தில் பொதுக் கக்கூஸும் குளிக்கிற அறையும் இன்னும் பூட்டு, சொந்தமாக வைத்திருக்கிற வான்காரருக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். எங்களிடம்தான் இருக்கிறதே என்று எனக்கு அதில் ஒரு பெருமை. வருஷம் முடிந்துவிட்டது, இனிப் பயணம் போகலாம், மாமாவும் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லி, மே மாத முதல் லீவுத் திங்களிலிருந்து நோபோக் கடற்கரைப் பக்கம் பதிந்தேன். பாதி வானுக்குச் சொந்தக்காரியான மாமிக்கு ஒரு சொல் சொல்லவில்லை. வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மாமி இரண்டு தரம் எடுத்தார். பெயரைப் பார்த்தேன் மகள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. மாமி மெசேச் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்தானே. அங்கே போனால் கடல் வடிவு, காற்று நல்லது, போனுக்கு மட்டும் சிக்னல் இல்லை, எனக்கு அதுவும் நல்லதாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரு வருஷம் கட்டி வைத்து அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டிபோலத் திரிந்தார்கள், முன்பின் தெரியாதவர்களும் கை காட்டினார்கள். அம்மா ஊரைவிட்டு இடம்பெயர்வதுபோலச் சாமான் ஏற்றி வந்திருந்தார், இடியப்ப உரல்கூட இருந்தது. புதன்கிழமை மத்தியானம் நான் ரைஸ் குக்கரையும் கேத்திலையும் ஹீட்டரையும் ஒரேயடியாகப் போட, எங்களுக்கும் பக்கத்து வானுக்கும் கரண்ட் நின்றுவிட்டது. இடத்தைப் பார்க்கிற ஏஞ்சலா என்ற மனிசி மாஸ்க்கோடு வந்து சரிப்படுத்திவிட்டு, வாசத்தைப் பார்த்தால் பத்துப் பேருக்குச் சமைக்கிறமாதிரி இருக்கிறது, உள்ளே உண்மையில் எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு பேர்தான், நாலு பேர் வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். மனிசி தலையாட்டிவிட்டுப் போனது. பிறகு நான் அறக்குளா மீனைப் பொரித்து, மாமா வானில் வைத்துவிட்டுப் போன நீலக் கோப்பையில் ஒரு சொட்டு ஊற்றி, கடலைப் பார்த்து உயர்த்தி, “வருசம் முடிஞ்சுது குலம், இனிப் பயணம்தான்” என்றேன். அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டு இருந்தார்.

வியாழக்கிழமை திரும்பி வரும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன், அப்போது போனுக்கு உயிர் வந்தது. மாமி எடுத்தது, யனுஷன் எடுத்தது, திரும்ப மாமி எடுத்தது. அதற்குக் கீழே யனுஷன் அனுப்பிய ஒரு படம். மாமி வீட்டுப் பின்வளவு. தள்ளித் தள்ளிப் போட்ட ஆறு கதிரை, படம் எடுத்தவனுடையதையும் சேர்த்து ஐந்துக்கு ஆட்கள். ஆறாவது, வானுக்கென்று நானும் மாமாவும் வாங்கின பச்சைத் துணிக் கதிரை, அதில் ஒருவரும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன மேசையில் இலை போட்டு, சோறு கறி எல்லாம் பரிமாறி இருந்தது. ஐயர் வெளிக்கிடப் போறார், எங்கே நிக்கிறீங்கள் மாமா என்று இங்கிலீசில் ஒரு வரி. பெற்றோல் நிரம்பி வழிந்து சப்பாத்தில் ஊற்றும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு ஆள் இறந்த தேதிதான் தேதி, வருஷா வருஷம் அதே நாளில் பூசை. அவர்களுக்குச் சந்திரன் கணக்கு, திதி பார்ப்பார்கள். மாமா போனது சித்திரைத் தேய்பிறையில் தசமி, அது இந்த வருஷம் மே மாதம் அந்தப் புதன்கிழமையில் வந்து நின்றிருக்கிறது. ஏப்ரல் பதினேழு மாமிக்குச் சும்மா ஒரு சனிக்கிழமை, முதியோர் இல்லத்தில் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். நான் ஓ லெவல் கணக்கிலேயே கோட்டை விட்டவன் என்று சொல்லித் தப்பவும் ஏலாது. மாமாவின் அப்பாவுக்குச் செய்கிற திவசத்துக்கு வருஷா வருஷம் போய் வடை தின்றவன் நான், ஒவ்வொரு வருஷமும் வேறு நாளில்தான் தின்றிருக்கிறேன். நாள் ஏன் மாறுகிறது என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை, வடை மாறாமல் வந்துகொண்டு இருந்தது. மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி தானும் வரட்டோ என்று கேட்டாராம், ஆறு பேரும் சரி, இனி இடமில்லை என்று மாமி சொல்லிவிட்டாராம். இதை யனுஷன்தான் பிறகு அம்மாவிடம் சொன்னான். சொந்தத்தை மறித்து எனக்கு வைத்த இடம் அது.

அதன் பிறகும் நான் மாமி வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலை என்றேன், முதுகு என்றேன், மழை என்றேன். நீ போனில் கேட்டதும்தான் இனி மறைக்க இடமில்லை என்று விளங்கியது. நேற்றுப் பின்னேரம் போனேன், வாழைப்பழம் கொண்டுபோகவில்லை. ஆட்களை வீட்டுக்குள் எடுக்கலாம் என்று இப்போது அரசாங்கம் சொல்லிவிட்டது, மாமி சொல்வாரோ என்பதுதான் என் யோசனை. மாமி பக்கத்துக் கேற்றைத் திறந்து என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புல்லில் அந்தப் பச்சைக் கதிரை அப்படியே நின்றது, இந்த மே மாதத்து மழை முழுக்க அதில்தான் பெய்திருக்கிறது. “மற்றக் கதிரையள் அண்டைக்கே மடிச்சு வைச்சாச்சு. இது உங்கட. நீங்கள் இருந்தால்தானே மடிக்கலாம்” என்றார். துடைக்காமலே இருந்தேன், காற்சட்டை முழுக்க ஈரம். ஏப்ரல் பதினேழு வந்தேன், கேற்றில் நின்றேன் என்று சொன்னேன். “வந்தனீங்களோ? அப்ப ஏன் அண்ணை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?” என்றார். கூப்பிடவில்லை என்ற கோபம் என்றேன். பிறகு நீங்கள் அடித்த போனை எடுக்காததுக்கும் அதே கோபம்தான் என்றேன். மாமி சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. “அவரோட திரிஞ்ச ஒராள் அந்த இலையில இருந்து சாப்பிடவேணுமெண்டு பாத்திருந்தன். பொழுதுபடும் மட்டும் இலையை எடுக்கேல்லை. பிறகு காகத்துக்கு வைச்சன். காகம் வந்தது” என்றார். அந்தக் கடைசிச் சொல்லை மாமி எனக்குச் சுடவேண்டும் என்று சொல்லவில்லை மகள், அதனால்தான் சுட்டது. வானின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். “உந்தத் திறப்பை எடுங்கோ. இன்னொருக்காப் போறதெண்டால் எனக்கும் சொல்லுங்கோ. வாறனோ இல்லையோ, சொல்லுங்கோ” என்று தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்து முடித்து, கதிரையை மடித்து ஷெட்டுக்குள் மற்றதுகளோடு சாய்த்து வைத்தேன். கேற்றைச் சாத்தும்போது மாமி, “வாற வருசத் திதி எப்பவெண்டு நான் சொல்லமாட்டன். நீங்களே பாத்து வாங்கோ” என்றார்.

ஆகவே இப்போது குசினிச் சுவரில் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் கலண்டர் தொங்குகிறது. அடுத்த வருஷத்தது வர இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது, இந்த வருஷத்ததை வைத்துப் படிக்கப் பழகுகிறேன். வளர்பிறை எது தேய்பிறை எது என்று கேட்டால் அம்மா யன்னலைத் திறந்து மேலே காட்டுகிறார், லண்டனில் முகில்தான் தெரிகிறது. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி இல்லை, ஜெராட்டின் ஆட்களோடு எப்போதாவது மனத்தாங்கல் வந்தால் அன்றே எடுத்துக் கேட்டுவிடு, உன் அப்பாவைப்போல நாயிடம் விசாரித்துவிட்டு வராதே. மாமிக்கு இந்தக் கிழமை ஒருக்கால் எடு, வானைப் பற்றிக் கதைக்கலாம், இனிக் கதையை மாற்றமாட்டார். குளிர் தொடங்குகிறதாம் அங்கே, காலுறை போட்டுக்கொண்டு படு, இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், குலம் மாமாவுக்காகவும் ஒரு செபம் சொல்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ படித்தவள், போனில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த வருஷத் தசமி எந்த நாள் என்று கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்தால் உன்னோடு வைத்துக்கொள். எனக்குச் சொல்லாதே.

என்றும் உன் அப்பா,
கிறிஸ்துராஜா