எழுதின மெஷினில்தான் படிக்கும்

சிங்கப்பூர்
18.2.1973

என் ஷரபுன்னிசாவுக்கு, உன் மச்சான் ஹபீப் ரகுமான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை, உன் கைக்குழம்புதான் இல்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே நம் ஊர் அமீர் ஹம்சா உன்னிடம் ஒரு பெட்டி கொடுத்திருப்பான். கேசட் போட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டர். கூடவே நான் பேசின கேசட் ஒன்றும் இருக்கும். சாதிக் அலியை மடியில் வைத்துக்கொண்டு கேள். நான் கப்பலேறும்போது உன் வயிற்றில் இருந்த பயல், இப்போது நடக்கிறானாமே! அத்தாவைப் போட்டோவில் மட்டும் பார்த்தால் போதுமா? குரலையாவது தெரிந்துகொள்ளட்டும். நான் வந்து நிற்கும்போது "யாரும்மா இந்த ஆளு?" என்று அவன் கேட்டுவிடக்கூடாது. எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். இங்கே இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். நம் வீடு மொத்தம் கொள்ளுகிற அறை, அது முழுக்க அலமாரி அலமாரியாக மெஷின். பாலிசி எடுத்தவர்களுடைய பேர், விலாசம், அவர்கள் மௌத்தானால் பணம் யாருக்குப் போய்ச் சேரணும், எல்லாம் சுழல்கிற தட்டுகளில் பதிந்து கிடக்கிறது. தட்டு ஒருநாள் கீறிப்போனால் அத்தனையும் போச்சு. அதனால் தினமும் சாயங்காலம் அதையெல்லாம் டேப்பில் நகல் எடுத்துவைக்கணும். பேக்கப் என்று பேர். எதை எப்போது நகல் எடுப்பது, தட்டு போனால் எந்த டேப்பிலிருந்து எப்படித் திரும்ப ஏற்றுவது என்று மெஷினுக்குச் சொல்லிவைக்கிற பொறுப்பு இப்போது என்னுடையது. டேப்பை மூன்று தலைமுறைக்கு வைத்திருப்போம். இன்றைக்கு எடுத்தது மகன், நேற்றையது அப்பன், முந்தாநாளையது பாட்டன். மகன் கெட்டால் அப்பனை வைத்து, அப்பனும் கெட்டால் பாட்டனை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். அசல் போனாலும் நகலை வைத்து ஓட்டிவிடலாம் ஷரபு. அதுதான் என் தொழில்.

பிள்ளைக்கு என் முத்தம். உன் மாமிக்கு, என் அம்மாவுக்கு, ஸலாம் சொல்.

உன் மச்சான்,
ஹபீப்


கோட்டையூர்
25.3.1973

அன்புள்ள மச்சானுக்கு ஷரபு ஸலாம் சொல்லி எழுதிக்கிறது.

பெட்டி வந்துச்சு. சும்மா வரல. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல இறங்குற அவசரத்துல உங்க கூட்டாளி அதைக் கீழ போட்டுட்டாக. ஒரு மூலை நசுங்கிப் போச்சு. அவுக மூஞ்சியைப் பார்க்கணுமே, பிள்ளையவே போட்டுட்ட மாதிரி நின்னாக. போட்டுக் காட்டுனேன், பேசுச்சு. அதுக்கப்புறம்தான் டீயைக் குடிச்சாக.

உங்க குரலைக் கேட்டு அழுதேன். ஏன் மச்சான் இப்படி ஓஞ்சு போயிப் பேசுறீக? ஒவ்வொரு வார்த்தையும் கிணத்துக்குள்ள இருந்து இழுத்து இழுத்து வருது. குரலும் கனத்துக் கெடக்கு. நெஞ்சுல சளி கட்டியிருக்கா? என்கிட்ட மறைக்காதீக. நிக்காஹ் முடிஞ்சு நீங்க ஒன்றரை மாசம்தான் இருந்தீக. அப்பல்லாம் வெடுக்கு வெடுக்குனு பேசுவீக, எனக்குப் பாதி புரியாது, புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுவேன். அந்த மனுசனை அந்த ஊருக்காரவுக என்ன பண்ணி வச்சிருக்காக? பால்ல மிளகுத்தூள் போட்டுக் குடிங்க. ஐஸ் தண்ணிய நிறுத்துங்க.

உங்க மகன் கதையைக் கேளுங்க. கேசட் முடிஞ்சதும் பெட்டியைத் தட்டித் தட்டி "அத்தா, அத்தா"ங்குறான். திரும்பப் போடுற வரைக்கும் விடமாட்டேங்குறான். மஃரிபு தொழுதுட்டு வந்ததும் ஒருதரம் போட்டாத்தான் தூக்கம் வருது. உங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் கண்ணை மூடுறான்.

எப்ப வர்றீகன்னு கேசட்டுலயும் சொல்லல, கடுதாசிலயும் சொல்லல.

உங்க,
ஷரபு


சிங்கப்பூர்
20.4.1973

என் ஷரபுக்கு மச்சானின் ஸலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அறையில் கூட இருப்பவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அழுத காதோடு கேட்டால் எல்லாம் கனத்துத்தான் கேட்கும் பிள்ளே!

இங்கே பேக்கப் வேலை ஒரு வழியாக நிலைக்கு வந்துவிட்டது. சும்மா நகல் எடுத்தால் போதாது, திரும்ப ஏற்ற முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பிலிருந்து மொத்தத்தையும் வேறொரு தட்டில் ஏற்றி, அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அதனாலேயே ஒரு கஷ்டம். இந்த வருஷம் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்கிறார்கள். கோபப்படாதே. மாதம் ஒரு கேசட் அனுப்புகிறேன். பயலுக்குக் கதை சொல்லியிருக்கிறேன், கேட்கட்டும்.

உன் மச்சான்,
ஹபீப்


கோட்டையூர்
8.9.1974

மச்சானுக்கு ஸலாம்.

கோபப்படாதேன்னு எழுதி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நானும் கோபப்படாமத்தான் இருக்கேன். இப்ப எழுதுறது வேற விசயம்.

சாதிக் அலி நல்லாப் பேசுறான். ஆனா இழுத்து இழுத்துப் பேசுறான். "அ...ம்...மா... சோ...று" அப்படிங்குறான், அதுவும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, குரலைக் கீழ இறக்கி. எதுத்த வீட்டு நாச்சியம்மை ஆச்சி கேட்டுட்டு, "என்னடி பிள்ளை கிழவனாட்டம் பேசுது, டாக்டருட்ட காட்டுனியா?"ன்னாக. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. எனக்குத் தெரியும் அது என்னன்னு. அவன் அத்தா மாதிரியே பேசிப் பார்க்குறான். நீங்க சொன்ன கதையெல்லாம் மனப்பாடம். நீங்க எங்க மூச்சு விடுறீகளோ அங்க அவனும் மூச்சு விடுறான்.

போன பெருநாளைக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு மொதல்ல பெட்டிக்கிட்ட போயிக் காட்டுனான். வட்டலப்பத்துல ஒரு துண்டை எடுத்து அது மேல வச்சுட்டான், எறும்பு மொய்ச்சுருச்சு. நான் சிரிச்சேன், மாமிதான் அழுதாக.

அவன் பெட்டியோடயே குடும்பம் நடத்துறான் மச்சான். நானும்தான். வந்து சேருங்க.

உங்க,
ஷரபு


சிங்கப்பூர்
30.11.1974

ஷரபு, கண்ணே,

லீவு கிடைத்துவிட்டது! இரண்டு மாதம் முழுசாக. ஜனவரி முதல் வாரம் கப்பல். புது டேப் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், நான் கிளம்பின பிறகு அதை மாட்டுவார்கள். நான் இல்லாமலே ஓடுகிற மாதிரி எல்லாம் ஏற்பாடு செய்து, எப்படி மீட்பது என்று படிப்படியாக எழுதியும் வைத்துவிட்டேன்.

சாதிக் அலிக்கு ரயில் பொம்மை வாங்கியிருக்கிறேன். சாவி கொடுத்தால் ஓடும். அவனிடம் சொல்லாதே. நானே கையில் கொடுக்கணும்.

ஹபீப்


சிங்கப்பூர்
10.2.1975

என் ஷரபுன்னிசாவுக்கு,

விமானத்தில் திரும்பி வரும்போதே எழுத நினைத்தேன், பேனா ஓடவில்லை.

கண்ணை மூடினால் சாதிக் அலி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதுதான் தெரிகிறது. "இவுக அத்தா இல்ல. அத்தா பெட்டியில இருக்காக." நான் பேசப் பேசக் காதைப் பொத்திக்கொண்டான். ரயில் பொம்மையைத் தொடக்கூட இல்லை. எனக்கு ஆத்திரம். "நான்தான் வந்துவிட்டேனே, இனி பெட்டி எதற்கு?" என்று உன்னிடம் கத்தி, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை. அதை ஒருதரம் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் அழுத அழுகை இருக்கிறதே! இரண்டு மாதம் கூட இருந்தால் பழகிவிடுவான் என்று இருந்தேன். இரண்டாவது வாரமே கம்பெனியிலிருந்து தந்தி வந்துவிட்டது.

நீயும்தான் ஷரபு. வந்த அன்றைக்கு வாசலில் நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. அவ்வளவு கோபமா என்று கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் கிளம்பின பிறகு பழைய டேப் மெஷினைக் கோடவுனில் போட்டுவிட்டுப் புதுசை மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே, அதில் புது நகல் எடுப்பதற்கு முன்பே, தட்டு கீறிவிட்டது. நான் எழுதிவைத்தபடியே டேப்பை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். மகன் படிக்கவில்லை. அப்பன் படிக்கவில்லை. பாட்டனும் படிக்கவில்லை. எல்லாம் வெறும் இரைச்சல். நான் வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய மெஷினில் டேப்பைத் தொட்டு எழுதுகிற பாகம் ஒரு மயிரிழை கோணியிருந்திருக்கிறது. கோணலாக எழுதி, கோணலாகவே படித்தும் வந்திருக்கிறது. அதனால்தான் நான் சோதித்தபோதெல்லாம் ஒரு எழுத்து பிசகவில்லை. எழுதின மெஷினில்தான் அது படிக்கும். கோடவுனிலிருந்து பழைய மெஷினைக் கொண்டுவந்து மாட்டினேன். எல்லாம் திரும்ப வந்துவிட்டது.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உன் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. நான் பேசுவது இங்கே என் மெஷினில். நீங்கள் கேட்பது அமீர் ஹம்சா கீழே போட்ட பெட்டியில். கிணற்றுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து வருகிறது என்று நீ அப்போதே எழுதினாய். இதே தொழிலில் இருக்கிற நான், விழுந்து விழுந்து சிரித்தேன்! அது மெதுவாக ஓடுகிறது ஷரபு. இத்தனை நாளும் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. என் மகனுக்கு என் குரல் தெரியவே தெரியாது.

பீரோவைத் திறந்து பெட்டியை எடு. ரேடியோ ரிப்பேர் அழகுசுந்தரத்திடம் கொண்டுபோ. மோட்டாரில் வேகத்தைக் கூட்டுகிற சின்னத் திருகு ஒன்று இருக்கும். அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லணும். மீட்பு வேலை முழுவதற்கும் என்னைத் தலைவனாகப் போட்டுவிட்டார்கள். இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதம் இரண்டு கேசட் அனுப்புகிறேன். சரியான குரலில் கேட்டுக் கேட்டு அவன் பழகிவிடுவான். அடுத்த தடவை வாசலிலேயே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வான் பார்.

உன் மச்சான்,
ஹபீப்


கோட்டையூர்
16.3.1975

மச்சானுக்கு ஸலாம்.

பெட்டியை அழகுசுந்தரத்துக்கிட்ட கொண்டு போனேன். அவரு கடையில கெடந்த பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்துட்டு, "என்னம்மா, ஆளு தூக்கத்துல பாடுறான்?"ன்னு சிரிச்சாரு. நம்ம வீட்டுல உங்க கேசட்டைத் தவிர வேற எது இருந்துச்சு, பெட்டி மெதுவா ஓடுதுன்னு எனக்குத் தெரிய? ஒரு திருகு திருகிக் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து மொதக் கேசட்டைப் போட்டேன். வெடுக்கு வெடுக்குனு நீங்க. அந்த ஒன்றரை மாசத்து நீங்க. அடுப்படிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறந்தே போயிருந்தேன் மச்சான். சளின்னு நெனச்சது போயி, நாளாக நாளாக அதுதான் நீங்கன்னு ஆயிருச்சு. அன்னைக்கு வாசல்ல கூப்பிட்டப்ப நான் திரும்பாதது கோபத்துல இல்ல. யாரோ அசலூரு ஆம்பளை என் பேரைச் சொல்லுறாகன்னு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். பொண்டாட்டிக்கே தெரியல. பிள்ளையை என்னத்தச் சொல்ல?

அவன் ஓடி வந்தான். கேட்டான். மொகம் வெளுத்துப் போச்சு. "அத்தா எங்கம்மா?"ன்னான். "இதுதான்டா அத்தா, இதுதான் நெசக் குரலு"ன்னேன். "இல்ல. அன்னைக்கு வந்தாகள்ல, அவுக. பெட்டிக்குள்ள பூந்து அத்தாவை வெரட்டிட்டாக"ன்னான்.

அதுக்கப்புறம் அவன் சோறு திங்கல. பேச்சும் நின்னு போச்சு, அந்த இழுவைப் பேச்சுகூட இல்ல. பெட்டியைப் போட்டா எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போயிருவான். பழகிருவான் பழகிருவான்னு பொறுத்துப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. மாமி என்னைப் பிடிச்சு ஏசுனாக. கடைசில அழகுசுந்தரத்துக்கிட்ட திரும்பப் போனேன். பழையபடியே மெதுவா ஓடுற மாதிரி வச்சுக் குடுங்கன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. திருகைத் திருப்பி வச்சுக் குடுத்தாரு.

சாயங்காலம் போட்டேன். பெட்டி மேல கன்னத்தை வச்சுக்கிட்டு, "அ...த்...தா... வ...ந்...து...ட்...டா...க"ன்னான். அன்னைக்குத்தான் வயிறாரத் தின்னான்.

மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதியிருக்கீக. போட்ட பெறகு எழுதியிருக்கீக. ரெண்டாவது வாரத்துல நீங்க பெட்டி கட்டுனப்ப, போகாதீகன்னு நான் உங்க கையைப் பிடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இனி கேக்கத் தெம்பு இல்ல.

கேசட் அனுப்ப வேணாம். புதுக்கதையும் வேணாம், அவனுக்குப் பழசே போதும்ங்குறான். மூணு வருசம் கழிச்சு வந்தீகன்னா வாசல்ல நின்னு கூப்பிடாதீக, உள்ள வந்து நில்லுங்க. மொகத்தைப் பார்த்தா எனக்கு அடையாளம் தெரியும்னு நெனைக்கிறேன். அவனைப் பத்தி என்னால சொல்ல முடியல.

நீங்கதான் எழுதுனீக, அசல் போனாலும் நகலை வச்சு ஓட்டிரலாம்னு. எங்க கையில இருக்குறதை வச்சு நாங்க ஓட்டிக்கிறோம். நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க.

சாதிக் அலி தாயார்,
ஷரபுன்னிசா