பச்சை வித்திக் காளான்

நவம்பர் 6, 2023
மழை விட்டு வெயில். பின்வளவுத் தென்னைகளுக்குக் கீழே குடை குடையாக வெள்ளைக் காளான். எங்களில் மூத்தவர் ஸியாத் நானாவின் பெண்சாதி ஃபஹ்மியா மதினி ஒரு சுளகு நிறையப் பிடுங்கி வந்தார். எலுவன்குளத்துக் காட்டோரத்தில் வளர்ந்தவர். மழை பெய்தால் அங்கே இதுதானாம் கறி. வாப்பாவுக்குப் பாற்கறி வைக்கப்போகிறாராம். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

நவம்பர் 7
அந்தக் கறி தின்ற வாப்பாவுக்கு நேற்று அஸர் தொழுகைக்கு முன்னமே சத்தியும் வயிற்றோட்டமும். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறுகிறது. கண் திறக்கவே தெம்பில்லை. வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி உம்மா சொன்னார், "என்ட மனிசனுக்கு நஞ்சு வச்சிட்டா." மதினி வாப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். ஸியாத் நானா சுவரைப் பார்த்தபடி நின்றார். பெண்சாதிக்காக ஒரு சொல் சொன்னால் என்ன?

நவம்பர் 8
மதினி தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 9
வளவில் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. நேற்று ஒரு குடையை அறுத்து வெள்ளைக் கடதாசியில் கவிழ்த்து, கோப்பையால் மூடி வைத்தேன். இன்று எடுத்தால் கடதாசியில் பச்சைத் தூள். வித்திகள். எனக்குத் தாவரவியல் படிப்பித்த மெரினா மிஸ்ஸுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். திங்கக்கூடாது. முந்தி லெபியோட்டா என்ற காளான் சாதியில போட்டிருந்தாங்க, பார்வைக்கு அப்படித்தான். வித்தி பச்சை என்டுதான் வேற சாதிக்கு மாத்தினது."

"பிடுங்கேக்க தெரியுமா மிஸ்?"

"இளசில குடைக்கு அடிப்பக்கமும் வெள்ளைதான், திங்கிற காளான் மாதிரியே. படிச்ச எங்களுக்கே பிழை வரும்."

நவம்பர் 10
வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடம் கடதாசியைக் காட்டி எல்லாம் சொன்னேன். "உன்ட படிப்புக் கதைய விடு. வச்சது அவதானே?"

கட்டிலில் இருந்து வாப்பா மெதுவாகச் சொன்னார். "அவளும் திண்டவ. கிணத்தடியில நின்டு சத்தி எடுத்தத நான் கண்டன். 'சொல்ல வேணாம் மாமா, முதல்ல உங்களப் பாப்பம்' என்டா."

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வார்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றபோதும் மதினிக்கு வயிறு பிசைந்திருக்கும் — யா அல்லாஹ், நாங்கள் என்ன மனிசர்?

உம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நானாவைக் கூப்பிடும் சத்தம். "ஃபஹ்மியா மருந்து எடுத்தாளா என்டு கேளு."

மதினி எடுக்கவில்லையாம்.

நவம்பர் 11
உம்மாவும் நானாவும் விடியவே ஆட்டோவில் எலுவன்குளம் போனார்கள். அங்கே மதினியை ஒரு டாக்டரிடம் காட்டினார்களாம், பயமில்லையாம். மஃரிபுக்குப் பிறகு உம்மா அழைத்தார்.

"இன்டைக்கு இஞ்ச தங்குறம் ரிஃப்கா. ஃபஹ்மியாப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுறன். வாப்பாக்கு நீ பாணும் பருப்பும் குடு."

பின்னால் மதினியின் குரல், சோர்ந்துபோய், ஆனால் தெளிவாக: "உப்புக் கூடிட்டு மாமி."

"கூடினா கூடட்டும். குடி," என்றார் உம்மா.