லாச்சியில் கிடக்கும் அழைப்பு

கட்டுகஸ்தோட்டை,
ஷவ்வால் பிறை ஒன்பது.

அன்புள்ள பஸ்லினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் மெல்பேர்னில் சுகமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். மீதியைக் கீழே படித்துக்கொள்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் குரல் செய்திகளை நீ சமையலறையில் சத்தமாகப் போட்டுக் கேட்கிறவள். இது நீ தனியாக இருந்து படிக்க வேண்டியது. நம் ஊர் ரஸீன் அங்கே வருவதால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பெருநாளுக்கு வட்டிலாப்பம் செய்தேன். உன் உம்மா சொல்லித் தந்த அளவுதான், ஆனாலும் அந்த ருசி வரவில்லை. அன்றைக்கு முழுக்க அவருடைய ஞாபகம்தான். பள்ளிக்கூடம் விட்டு நாம் பாலத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்போம். கீழே மகாவலியில் யானைகளைக் குளிப்பாட்டுவார்கள். உன் உம்மா குடையோடு வந்து, "சிரிப்பக் கொறைங்க புள்ளைகள், ஆத்துல குளிக்கிற ஆனையெல்லாம் திரும்பிப் பாக்குது" என்பார். அதைக் கேட்டு நீ இன்னும் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் உன்னோடு நடந்தேன்.

தடுப்பூசி போட வந்த நாள் நினைவிருக்கிறதா? டாக்டர் மகளும் நீயும் பெட்டிக்கடைக்காரர் மகளான நானும் ஒரே வரிசையில் நின்றோம். பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் யார் முன்னால், யார் பின்னால். நீ ஊசியைக் கண்டதும் மயங்கி என் மேல் விழுந்து, என் வெள்ளைச் சட்டையைக் கிழித்துவிட்டாய். உன் உம்மா அதைத் தைத்துத் தந்தபோதுதான் எனக்குத் தையலில் ஆசை வந்தது. இப்போது அப்படி வரிசை இல்லை. கார் வைத்திருப்பவர்கள் கண்டி டவுனில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காலையில் போய், பின்னேரம் முடிவோடு வருகிறார்கள். மற்றவர்களுக்குத் திகதி கொடுக்கிறார்கள்.

போன கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்னதற்கு வருகிறேன். மார்பைப் பரிசோதிக்க வரச்சொல்லி உங்கள் அரசாங்கம் அனுப்பிய மூன்றாவது கடிதத்தையும் மேசை லாச்சியில் போட்டு மூடிவிட்டாய் என்றாய். முன்பின் தெரியாதவளுக்கு முன்னால் யார் சட்டையைக் கழற்றுவது என்றாய். பிறகு, "எங்கட குடும்பத்துல அந்த நோய் வருத்தம் யாருக்கும் இல்ல" என்றாயே, அதற்குப் பிறகு எனக்குத் தையல் ஓடவில்லை.

உன் உம்மாவின் சட்டைகளைக் கடைசிவரை நான்தான் தைத்தேன். அவர் மவுத்தான வருடம் மூன்று தடவை வந்து, இடது பக்கத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொன்னார். ஏன் என்றதற்கு, "ஒண்டுமில்ல மகள், தோள் ஒளையுது" என்றார். நானும் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். அளவு நாடா என் கையில்தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏன் வீங்குகிறது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாவம் என்னோடு இருக்கிறது.

உம்மா நிமோனியாவில் மவுத்தானார் என்று உனக்குச் சொன்னார்கள். அது பொய்யில்லை, ஆனால் முழுவதும் இல்லை. நீ வர முடியாத அந்த நாளில் உம்மாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. துணியை விலக்கியபோது அந்த இடது மார்பைக் கண்டேன். அது எத்தனையோ மாதமாகப் புண்ணாகி, அவரே பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார். மையித்தைக் குளிப்பாட்டியவள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்று உனக்கும் தெரியும். பதினொரு வருடம் நான் வாய் திறக்கவில்லை, உன் வாப்பாவிடம்கூட. இன்று உன் உயிருக்காகச் சொல்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உன் உம்மாவும் மன்னிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கபனுக்கு எடுத்துவைத்திருந்த துணியைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது, கிளினிக்கில் கொடுத்த துண்டுச் சீட்டு மடித்து வைத்திருந்தது. வெட்கத்தை விட்டுவிட்டு ஒருநாள் அவர் போயிருக்கிறார், பஸ்லினா. ஸ்கேன் எடுக்க அவர்கள் கொடுத்த திகதி, நாங்கள் அவரை அடக்கிய நாளிலிருந்து மூன்று கிழமை தள்ளி இருந்தது.

நோன்புக்கு முன் நானும் போனேன். என்னுடைய கட்டி வலது பக்கம், கடலை அளவு. பெரிய டாக்டர் நல்ல மனுஷி. மெஷின் பழுது, உதிரிப்பாகம் வர வேண்டும், மற்ற ஆஸ்பத்திரியிலும் கூட்டம் என்றார். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத் திகதி கிடைத்திருக்கிறது. நீ உடனே காசு அனுப்பப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதைப் பிறகு பேசுவோம். முதலில் நான் கேட்பதைச் செய்.

உன் வீட்டு வாசலுக்கே அழைப்பு வருகிறது. இங்கே ஒருத்தி அதற்காகக் காத்திருந்தே போனாள், இன்னொருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். கோபித்தாலும் பரவாயில்லை, இதைப் படித்த கிழமையே போ. போய்விட்டு வந்து, போனேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. நம் மூவரில் ஒருத்தியாவது நேரத்தோடு போனாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
ரபீகா