முளைக்கும் குழிக்கும் நடுவே

1. நான், ஆம்பூரில் குடியிருந்து திருப்பத்தூர் கோர்ட்டில் வழக்காடும் வக்கீல் ஞானமுத்து. காலஞ்சென்ற தேவசகாயத்தின் தங்கை எஸ்தரின் கணவன்.

2. மேற்படி தேவசகாயம், காதர் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரித்தவர், எனக்கு மச்சான், கோல்ஃப் ஆட்டத்தில் என் ஜோடி.

3. கீழே எழுதுவது நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. கேள்விப்பட்டது எதுவும் இதில் இல்லை.

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

எண் போட்டுத் தொடங்கியதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எண் இல்லாமல் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து நடந்தேன். காகிதம் அப்படியே கிடந்தது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், நீங்கள் அறிந்ததையே சற்றுச் சொல்லவேண்டியிருக்கிறது. பட்டணத்திலிருந்து தோல் வாங்க வந்துபோன துரை ஒருவர் கப்பலேறும்போது தம் கோல்ஃப் கோல்களைக் காதர் சாயபுவிடம் விட்டுப் போனார். ஷாப்புக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் நாம் நால்வரும் ஆடக் கற்றோம். புல் நிற்காத மண். ஆகையால் குழிகளைச் சுற்றி, தோல் ஊறிய தொட்டியிலிருந்து அள்ளிய ஆவாரம்பட்டைச் சக்கையைக் காயவைத்துத் தூளாகப் பரப்பினோம். அதன்மேல்தான் பந்தை உருட்டவேண்டும்.

ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிக்கவேண்டும். நீங்கள் ஓர் அடி, நான் ஓர் அடி. காதர் சாயபுவும் டாக்டர் சாலமனும் எதிர் ஜோடி.

அன்று கடைசிக் குழியில் உங்கள் அடி பந்தைக் குழிக்கு இரண்டு முழத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது. அடுத்து என் முறை. விழுந்தால் வெற்றி நமக்கு. அதற்கு மேல் ஓர் அடி தேவைப்பட்டால் ஆட்டம் சமம். அதற்குள் மழை கொட்டியது. "நாளைக்கு முடிச்சுக்கலாம் மாப்ளே, எங்க போய்டப் போறோம்?" என்று பந்து இருந்த இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் காய்ச்சல். அதிலிருந்து நீங்கள் எழவேயில்லை.

அடக்கத்துக்குப் பிறகும் அந்த முளையை யாரும் பிடுங்கவில்லை. "எப்ப ஆட்றீங்களோ ஆடுங்க" என்று எதிர் ஜோடி எனக்கு விட்டுவிட்டது. நானோ வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தேன். முதலில் துக்கம், பிறகு கோர்ட்டு வேலை, பிறகு மழையில் ஊறிய பட்டைத் தூள். கடைசியில் என் கை சரியாக இல்லை என்றேன், அது மெய்தான். கோலைத் தொட்டாலே மணிக்கட்டு துடித்தது. அந்த ஓர் அடியை அடித்துவிட்டால் உங்களோடு ஆட எனக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

கையைத் திருத்தும் வேலையை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். முற்றத்தில் ஒரு கொட்டாங்கச்சியைப் புதைத்து, தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்புமுன் என்னைப் பந்தை உருட்டச் சொல்வாள். பந்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பேன்.

"இன்னாங்க, நெலத்துக்கு நாலெல்லையா எழுதுறீங்க? அடிங்க!"

"அவசரப்படுத்தாதே."

"அண்ணன் இன்னா சொல்லும்? தோல எப்டி புடிக்கணுமோ அப்டி கோலப் புடி, கசக்காதன்னு சொல்லும். நீங்க கழுத்த நெரிக்கிறீங்க."

பிடியைத் தளர்த்தினேன். மணிக்கட்டை அசைக்காமல் தோளை மட்டும் ஊசலாக ஆட்டினேன். எல்லாவற்றிலும் கடினம், அடித்தபின் தலையைத் தூக்காமல் இருப்பது. "கண்ணால பாக்காதீங்க, காதால பாருங்க. உள்ள வுழுந்தா சத்தம் கேக்கும் இல்ல?" என்றாள் எஸ்தர். சத்தம் கேட்கும்வரை தரையையே பார்த்திருக்கப் பழகினேன். நாளடைவில் கொட்டாங்கச்சி ஏமாற்றவில்லை.

ஆனாலும் மைதானத்துப் பக்கம் போகவில்லை, மச்சான். போன வாரம் காதர் சாயபு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா வக்கீல் சார், கோர்ட்ல தான் வாய்தான்னா எங்கிட்டயுமா? பேஜாராக்கீது. திங்கக்கெழம சுண்ணாம்புத் தொட்டி கட்ட ஆள் வர்றான். மொத வெட்டே அந்த எடத்துல தான்."

"வேறிடத்தில் வெட்டக்கூடாதா?"

"என் தோஸ்த் வெச்ச முளைய நானா புடுங்குவேன்? தண்ணி வாட்டம் அங்க தான் கீது சார். இன்னா செய்யட்டும்?"

சனிக்கிழமை சாயங்காலம் போனோம். எஸ்தரும் வந்தாள். டாக்டர் சாலமன் தம் கையாலேயே தூளைச் சமன்செய்தார். முளையை எடுத்து, அங்கே பந்தை வைத்தேன். ஒரே ஒரு முறை குழியைப் பார்த்தேன், பிடி தளர்வாக இருந்தது, மணிக்கட்டு அசையவில்லை. அடித்தேன்.

சத்தம் கேட்கவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. இன்னும் கேட்கவில்லை. பட்டைத் தூளில் ஓர் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டே குனிந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

"நிமுருங்க," என்றாள் எஸ்தர்.

பந்து குழியின் விளிம்பில், அரைவிரல் இடைவெளியில் நின்றிருந்தது.

"ஊதுனா வுழுந்துடும்," என்றார் காதர் சாயபு. "அந்த அடிய அடிச்சதாவே வெச்சி நாங்க குடுத்துட்டோம். ஆட்டம் சமம். டாக்டர், இன்னா சொல்றீங்கோ?"

டாக்டர் தலையாட்டினார். சம்மதம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் சட்டம் எனக்கு உறைத்தது. "நீங்கள் கொடுக்கலாம், சாயபு. அதை வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. என் அடியை நான் அடித்துவிட்டேன். இது என் ஜோடியின் முறை."

நீங்கள் போனபிறகு எஸ்தர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேண்டுமென்றே தவறவிட்டேனோ என்று நீங்கள் ஐயப்படலாம். நானும் ஐயப்பட்டேன், இரண்டு நாளாக அதே யோசனை. இல்லை, மச்சான். விழவேண்டும் என்றே அடித்தேன். சாட்சிகள் கீழே கையெழுத்திடுவது அதற்காகத்தான்.

தொட்டி வெட்ட ஆள் வந்தாயிற்று. ஆட்டம் என்ன ஆயிற்று என்று ஊரில் யார் கேட்டாலும், வென்றோம் என்றோ சமம் என்றோ சொல்லமாட்டேன். நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்வேன் என வாக்களிக்கிறேன். அவசரமில்லை. முறை உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
ஞானமுத்து

சாட்சிகள்:
எஸ்தர் ஞானமுத்து, தங்கை.
டாக்டர் சாலமன், எதிர் ஜோடி. அடி நேர்மையாக அடிக்கப்பட்டது.
காதர் சாயபு, எதிர் ஜோடி. அடி நேர்மையானதே, ஆனால் ஆட்டம் சமம் என்பதே என் கட்சி. தேவசகாயத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்கிறேன்.