நீ விட்டுப்போன முப்பத்திரண்டு

என் உயிர் மாப்ள சரவணனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. செத்தவனைப் பார்த்து யாராவது வயிறெரிவார்களா? நான் எரிகிறேன்.

ஆனையூர்க் கிணற்றில் உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நான். நீ அந்தமானில் ஸ்கூபா மாஸ்டர் ஆனாய். நான் கப்பலூரில் ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்புகிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் காஸ் கம்பெனிக்காரனுக்கே காஸ் பாடம் எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

"ஆழம் போகப்போக நைட்ரஜன் ஒடம்புல ஊறும் மாப்ள. சட்டுனு மேல வந்தா சோடா பாட்டிலத் தெறந்த மாதிரி குமிழியாக் கெளம்பிரும். அதான் ஆக்சிஜன முப்பத்திரண்டு பெர்சென்டாக் கூட்டி அடைப்போம். நைட்ரஜன் கம்மியா ஊறும், கீழ கூடக் கொஞ்ச நேரம் இருக்கலாம்."

"அப்ப இன்னும் நெறய அடைக்க வேண்டியதுதான?"

"ரொம்ப ஆழத்துல ஆக்சிஜனே வெசம்டா. வலிப்பு வந்துரும்."

எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

கடலில் அல்ல, இங்கே ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் போனாய். காரியம் முடிந்ததும் உன் அம்மா உன் டைவ் கம்ப்யூட்டரை என்னிடம் நீட்டினார். "அவன் கையிலயே கெடந்தது. நீ போட்டுக்கய்யா." இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று கணக்குச் சொல்லும் அந்த வாட்ச்தான்.

அதைக் கட்டிக்கொண்டு அந்தமான் போனேன். உன்னிடம் படித்த தூத்துக்குடி மேரிதான் இப்போது அங்கே மாஸ்டர். இரண்டு கோர்ஸ் முடித்தேன். உன் முப்பத்திரண்டு கலவைக்குத் தனிப் பயிற்சி வேண்டுமாம், அதனால் எனக்குச் சாதாரணக் காற்றுதான். அதில் ஆக்சிஜன் இருபத்தொன்று. படகில் எல்லோரும் உன் புராணமே பாடினார்கள். எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, கம்ப்யூட்டர இருவத்தொண்ணுக்கு மாத்தியாச்சா?" என்று மேரி கேட்டாள்.

"மாத்தியாச்சு" என்றேன். மாற்றவில்லை. முப்பத்திரண்டு நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன எண். அது என் கையிலும் இருக்கட்டும் என்று ஒரு திமிர்.

முப்பது மீட்டரில் இன்னும் எத்தனை நிமிடம் என்று மேரி விரலால் கேட்டபோது, வாட்சைப் பார்த்து, நிமிடங்கள் மிச்சம் இருப்பதாகக் காட்டினேன். இருபத்தொன்றுக்கு உரிய என் நேரம் முடிந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்தது உன் நேரம்.

சாயங்காலம் தோளில் பிடித்த வலி, அம்மாடி! நீ சொன்ன அதே சோடாக் குமிழி. ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி, ஆஸ்பத்திரி அழுத்த அறைக்குள் மணிக்கணக்கில் கிடந்தேன். வெளியே மேரிதான் திட்டு வாங்கினாள். அவள் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்ததும் டாக்டரிடமும் முதலாளியிடமும் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "அவங்கவங்க சிலிண்டர அவங்கவங்கதான் பாக்கணும்னு சார் தெனமும் சொல்லுவாருண்ணே" என்று மட்டும் சொன்னாள். உன் பேச்சை அவள் கேட்டிருக்கிறாள். நான் என்றைக்கு மாப்ள கேட்டேன்?

இப்போது தோள் பரவாயில்லை. இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் உன் வாட்சின் பட்டனை அமுக்கினேன். முப்பத்திரண்டு ஒவ்வொன்றாக இறங்கி இருபத்தொன்றில் நின்றது. உன்னைத் தூக்கிப்போனபோது அழாதவன், டிக்கெட் கேட்ட கண்டக்டர் முன்னால் அழுதேன்.

டாக்டர் சம்மதித்தால் மறுபடி இறங்குவேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் காற்றை நானே சோதித்து, என் எண்ணை நானே வைப்பேன். உன்னைவிட ஒரு மீட்டராவது ஆழம் போக ஆசை இன்னும் இருக்கிறது. போகமாட்டேன், மாப்ள.

இன்னமும் வயிறெரியும் உன் மாப்ள,
பாண்டி