அம்மா போட்ட குலவை

கோபத்தை இரண்டு நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாத என் அப்பாவுக்கு,

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு அச்சன்புதூர், நல்ல மாதிரி, கொஞ்சம் கூச்சம். நான் பேசுகிற பேச்சுக்குக் கூச்சப்படுகிறவர்தானே சரி?

ஆனால் அம்மாவோடு தினமும் சண்டை. தாலி கட்டும்போது பின்னால் நின்றுகொள்வேன், சித்தி குலவை போடட்டும் என்கிறாள். நீங்கள் போன இந்த மூன்று வருஷமாக எந்த விசேஷத்திலும் அவள் குலவை போடவில்லை. "அதெல்லாம் சுமங்கலி போடணும்ட்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இலத்தூர்க் கோயில் கொடையில் அந்தக் குலவையைக் கேட்டுவிட்டுத்தானே நீங்கள் பெண் கேட்டுப் போனீர்கள்? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நான் யாரைத் திட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மியூசியத்தில் ஆப்பிரிக்கப் பாட்டு, ஆட்டம், கதை என்று விழா வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வாருங்கள் என்று வாசலில் போர்டு. சாரல் நேரம், அருவியில் கால் வைக்க இடமில்லை. "நனைஞ்சது போதும், அங்கன போய் உக்காருவோம்" என்று அம்மாதான் கூப்பிட்டாள்.

தான்சானியாவிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். முதலில் ஒருவர் முயல் கதை சொன்னார். ஒரு பெண் அதைத் தமிழில் சொன்னாள். அவர் ஒரு சொல் சொன்னால் கேட்கிறவர்கள் பதிலுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டுமாம். நம் ஆட்கள் அதை விட்டுவிட்டு எல்லாரும் ஒன்றாக "உம்" கொட்டினார்கள். அவருக்கு அதுவே பிடித்துப்போய், கதை முழுக்க "உம்" கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் மேளம். மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. ஆடினவர்கள் தோளைக் குலுக்கவும், முன்வரிசை ஆச்சி ஒருத்தி சுருக்குப்பையைத் திறந்து திருநீறு எடுத்துவிட்டாள். கொடையில் சாமி வருகிற நேரத்து வேகம் அப்பா அது. அந்த வேகத்தைக் கேட்டதும் அம்மா தன்னை மறந்து போட்டாளே ஒரு குலவை!

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தாள். அதற்குள் மேடையில் இருந்த பாடகி, அம்மா வயசுதான் இருக்கும், பதிலுக்கு ஒரு குலவை போட்டாள்.

"ஏட்டி, அவளும் போடுதா!" அம்மா என் கையைக் கிள்ளினாள்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பாடகி மொழிபெயர்த்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். அவர்கள் ஊரிலும் கல்யாணத்துக்குக் குலவை உண்டாம். தன் மகள் கல்யாணத்தில் போட்டதைச் சொல்லிச் சிரித்தாள். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்போ அவங்க வீட்டுக்காரர் இருந்தாராம்மா?"

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள்: "இல்லியாம். அதனாலதான் அவருக்கும் சேத்து ரொம்ப நேரம் போட்டாங்களாம்."

திரும்பும்போது பஸ் மேலகரம் தாண்டியதும் அம்மா கேட்டாள், "மண்டபத்துல மைக் எங்கன வைப்பாங்க?"

"எதுக்கும்மா?"

"ஒன் சித்தி போட்டா பக்கத்துல நிக்கவனுக்கே கேக்காது. நானே போடுதேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. கண்டக்டர் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்.

இன்று காலையில் சித்தி போனில், ஊர் என்ன சொல்லும் என்று இழுத்தாள். "ஊரு வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அப்பா அந்த முகத்தை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்றைக்கு யாராவது அவளைப் பின்னால் போய் நிற்கச் சொன்னால், நான் மணவறையை விட்டு இறங்கி அவள் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவேன். தாலியை அங்கே வந்து கட்டட்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன், கூச்சத்தோடு சரி என்றார்.

இப்படிக்கு,
அம்மா பக்கத்தில் நிற்கப் போகிற
உங்கள் மகள்